காலிக் கட்டிலும் கிளம்பாத வண்டியும்

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா, பிஷ்கெக்கில் இணையப் பக்கங்கள் செய்யும் ஓர் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

காலையிலேயே தாதி சோனுன் ஓடிவந்தாள். மலையூர்க் கர்ப்பிணிகள் பிரசவத்துக்கு முன்பே வந்து தங்கும் விடுதி அவளுடையது. அலுவலகத் தலைவி ஷார்குலை எல்லோரும் 'எஜே', அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஷார்குல் எஜே, நீங்க செஞ்ச பக்கம் பொய் சொல்லுது! ஒரு கட்டில் காலின்னு நானே குறிச்சேன். கீழே பட்டியல்ல காலிங்குது, மேலே இடமில்லைங்குது. பதிவு ஆகல. பதியாம, கூட்டிவர வண்டி கிளம்பாது. சூசமிர் மலையூர்ல புருலுக்குப் பிரசவ நாள் நெருங்கிடுச்சு, கணவாயில பனி கொட்டுது!"

"சர்வர்தான் திருடன் எஜே, நிறுத்திடவா?" என்று துள்ளினான் அங்கே வேலை பார்க்கும் இளைஞன் மெடெர்.

"முதல்ல உன்னை நிறுத்தணும். டீயைக் குடி."

அலுவலகத்தின் எல்லா அறைச் சாவிகளும் வைத்திருக்கும் தெமிர்பெக் தாத்தா அப்போது உள்ளே வந்தார். இணையப் பக்கத்தின் பட்டியல், பொத்தான் என எல்லாத் துண்டுகளும் தகவல் எடுக்கும் பொதுப் பெட்டி ஒன்று நிரலில் உண்டு; அதற்கும் அவர் பெயரைத்தான் வைத்திருந்தார்கள்.

"தெமிர்பெக் தாத்தா, வாங்க!" என்றான் மெடெர்.

"சாவித் தாத்தா, ரொட்டி எடுத்துக்குங்க" என்றாள் பெர்மெட். கட்டில் பட்டியலைச் செய்தவள் அவள், புதிதாய்க் கல்யாணமானவள்.

ஷார்குல் பட்டியலில் ஒரு கட்டிலை மாற்றிப் பார்த்தாள். பட்டியல் மாறியது, 'இடமில்லை' என்ற மேல்பட்டை அசையவில்லை. கோப்பையைக் கீழே வைத்தாள்.

"ஒவ்வொரு துண்டும் தனக்கு மேலே கிட்டத்துல இருக்கிற பெட்டியத்தான் கேட்கும். மேல்பட்டையும் பதிவுப் பொத்தானும் பெரிய பெட்டியக் கேட்குது. பட்டியல் வேற ஒண்ணைக் கேட்குது. உள்ளே ரெண்டாவது பெட்டி இருக்கு."

"வச்சது யாரு? வைரஸா?" என்றான் மெடெர்.

"வைரஸ் இல்ல, ஒரு மருமக. பெர்மெட், நீ மட்டும் 'சாவித் தாத்தா'ன்னு கூப்பிடறே. உன் மாமனார் பேரும் தாத்தா பேரேதானே? வாயால சொல்ல வேண்டாம், தலைய மட்டும் ஆட்டு."

மாமனார் பெயரை நம் கிர்கிஸ் மருமகள்கள் உச்சரிப்பதில்லை. பெர்மெட் தலையசைத்தாள், கண் நிறைந்தது.

"எழுதவும் கை வரல எஜே. அதான் வேற பேர்ல தனியா ஒண்ணு வச்சுக்கிட்டேன். காரணம் சொல்லணும்னா அந்தப் பேரைத்தானே சொல்லணும்..."

மெடெர் சிரிக்க வாய் திறந்தான். எஜே பார்த்த பார்வையில் ரொட்டியைக் கடித்துக்கொண்டான்.

"என் பேரை எடுத்துடுங்க புள்ளைங்களா," என்றார் தாத்தா. "சாவி என்கிட்ட இருந்தாப் போதும்."

பொதுப் பெட்டிக்கு 'ஊற்று' என்று பெயர் மாற்றினார்கள். இரண்டாவது பெட்டியை பெர்மெட்டே எடுத்துவிட்டு, பட்டியலை ஊற்றோடு சேர்த்தாள். மேல்பட்டை மாறியது: ஒரு கட்டில் காலி.

பதிந்த கையோடு சோனுன் தொலைபேசியில் கத்தினாள்: "புருல், வண்டி உன் வாசலுக்கு வருதுடி! கம்பளியச் சுத்திக்கிட்டுக் கிளம்பு!"

இருட்டுவதற்குள் வண்டி புருலை ஏற்றிக்கொண்டு கணவாயைத் தாண்டிவிட்டது.

உங்கள் வீட்டு அடுப்புப் புகை நேராக எழட்டும். மருமகளாய் வாசலுக்கு வரும் பெண் சொல்லத் தயங்குவதை, அவள் சொல்லாமலே கேட்கும் காது உங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் வாய்க்கட்டும்.