காணாமற்போன துருசுக் கதவு

காலை ஏழேமுக்காலுக்கு ஆய்வுகூடத்தைத் திறந்த தேனுகா வாசலிலேயே நின்றுவிட்டாள். கண்ணாடி வாய்க்காலின் நடுவே இருந்த பித்தளைக் கதவைக் காணவில்லை.

கிளிநொச்சியில் இருந்த அந்த நீரியல் ஆய்வுகூடத்துக்கு அவள் தொழிற்பயிற்சிக்கு வந்து இரண்டு மாதம். குளத்திலிருந்து வயலுக்குத் தண்ணீர் விடும் துருசு ஒன்றைப் புதிதாகக் கட்டப்போகிறார்கள். அதன் சிறிய மாதிரியைக் கண்ணாடி வாய்க்காலில் வைத்துத் தண்ணீர் ஓட்டிப் பார்ப்பதுதான் வேலை. பம்பை ஓட்ட தேனுகாவையும் இன்னொரு பயிற்சி மாணவனையும் விரிவுரையாளர் ராஜினி பழக்கியிருந்தார். வேறு எவரும் அதைத் தொடுவதில்லை. பத்து மணிக்கு நீர்ப்பாசனப் பொறியியலாளர்கள் பார்வையிட வருகிறார்கள்.

வவுனியாவிலிருந்து காலை ரயிலில் வந்திறங்கிய ராஜினி, தோள்பையைக்கூடக் கழற்றாமல் காவலாளி வீரபாகுவைக் கூப்பிட்டு ஆய்வுகூடச் சாவியைப் பற்றி விசாரித்தார்.

"திறப்பு ஆரிட்ட இருந்தது?"

"என்னட்டத்தான், மிஸ்."

"ஆரும் வந்ததோ?"

"ஒருத்தரும் வரேல்ல." வீரபாகு தயங்கினார். "விடியப்புறம் மாடு உள்ளுக்க வந்திட்டுது. பின்வேலி மட்டும் துரத்திக்கொண்டு போய்த் திரும்பி வர நேரமாச்சு. அப்ப திறப்பு ஆணியிலதான் தொங்கினது."

"பித்தளைக்குப் பழைய இரும்புக்கடையில நல்ல விலை, மிஸ்," என்றான் மற்றப் பயிற்சி மாணவன் கிருசாந்தன். பக்கத்து ஒழுங்கையில் அறை எடுத்துத் தங்கியிருப்பவன்.

வீரபாகுவின் முகம் கறுத்துப்போயிற்று. ராஜினி பொலிசுக்கு அழைக்கக் கைபேசியை எடுத்தார்.

"கொஞ்சம் பொறுங்கோ, மிஸ்." தேனுகா கண்ணாடிக்கு அருகே குனிந்திருந்தாள். "நேற்றுப் பின்னேரம் நான்தான் இந்த மணலைச் சமப்படுத்தினனான். இப்ப பாருங்கோ."

கதவு நின்ற இடத்துக்குச் சற்றுக் கீழே, மணலில் ஆழமான ஒரு குழி. அதையடுத்து ஒரு மேடு. அதற்கப்பால் மணல் தட்டையாகவே கிடந்தது.

"கழட்டேக்க கை பட்டிருக்கும்," என்றான் கிருசாந்தன்.

"கை பட்டால் ஒரு பக்கம்தான் கலையும். இது இந்தக் கண்ணாடியில இருந்து அந்தக் கண்ணாடி மட்டும் ஒரே ஆழம். கதவுக்குக் கீழால தண்ணி சீறிக்கொண்டு வந்தால்தான் இப்பிடிக் குழி விழும். அப்ப, கதவு இருக்கேக்கயே ஆரோ தண்ணி ஓட்டியிருக்கினம். பிறகுதான் கழட்டினது. களவெடுக்க வந்தவர் ஏன் மிஸ் பம்பைப் போடுறார்?"

ராஜினி கைபேசியைத் தாழ்த்தினார்.

"பம்பு வால்வை ஒரேயடியாத் திறந்திருந்தால் மணல் முழுக்க அள்ளுப்பட்டுப் போயிருக்கும். முதல் கிழமை நான் அப்பிடிச் செய்துதான் உங்களிட்டப் பேச்சு வாங்கினனான். இது மெல்ல மெல்லத் திறந்திருக்கு. பழகின கை. மிஸ் ரயிலில வந்தனீங்கள். நான் எங்கட ஊர் தண்ணீரூற்றில இருந்து முதல் பஸ்ஸில இப்பதான் வந்தனான்." அவள் திரும்பினாள். "கிருசாந்தன், கதவு எங்க?"

அவன் கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"தங்கராசா அண்ணையின்ர வெல்டிங் கடையில. விளிம்பால தண்ணி கசியுறது எனக்குத் தெரியும். வாற ஆக்களுக்கு முன்னால வெட்கக்கேடெண்டு விடிய வந்து, ஐயா மாட்டுக்குப் பின்னால போகேக்க திறப்பை எடுத்து, உள்ளுக்க இறுக்கி ஓட்டிப் பாத்தனான். கதவின்ர கைபிடி முறிஞ்சு போச்சு. மிஸ் வழக்கமா ஒன்பதுக்குத்தானே வாறவா, அதுக்குள்ள ஒட்டிக் கொண்டுவந்து பொருத்திடலாமெண்டு..."

"அப்ப ஏன் இரும்புக்கடைக் கதை?" என்றார் ராஜினி.

"பயந்திட்டன், மிஸ்."

"என்னட்டச் சொல்லாத. அவரிட்டச் சொல்லு."

கிருசாந்தன் எழுந்து போய் வீரபாகுவின் முன்னால் நின்றான். "என்ர பிழை, ஐயா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"என்ர பிள்ளையளைக் கள்ளன்ர பிள்ளையள் எண்டு ஊர் சொல்லியிருக்கும், தம்பி."

சொல்லிவிட்டு வீரபாகு மோட்டார்சைக்கிள் திறப்பை எடுத்தார். "வாரும். கதவை எடுத்துக்கொண்டு வருவம்."

பத்து மணிக்குத் துருசு தயார். ஒரு சொட்டும் கசியவில்லை. ராஜினி வீரபாகுவையும் உள்ளே கூப்பிட்டு, பொறியியலாளர்களுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

"இது எந்தக் குளத்துத் துருசு, பிள்ளை?" என்று வீரபாகு தேனுகாவிடம் மெதுவாகக் கேட்டார்.

"பனையடிக் குளம், ஐயா."

வீரபாகுவின் கண்கள் விரிந்தன. "அங்கதான் என்ர வயல்! கடைசி வாய்க்கால். எங்கட பக்கம் தண்ணி வந்து சேருறதேயில்லை. இனி வருமோ?"

தேனுகா சிரித்தபடி வால்வில் கைவைத்தாள். "கிட்ட வாங்கோ, காட்டுறன்."