கரையான் தின்ற முகம்

ஜனவரி முதல் தேதி காலையில் சிவகாசியில் உள்ள எங்கள் படக்கூடத்தில் நிற்கக்கூட இடமிருக்காது. ஓவியர் இறந்து அறுபது ஆண்டு முடிந்த படங்கள் அன்றுதான் பொதுக்களஞ்சியத்துக்கு வரும். பிறகு அவற்றுக்கு உரிமையாளர் கிடையாது. படத்தில் இருப்பவருக்கு உயிர்ப்பூட்டி யார் வேண்டுமானாலும் பேசவைக்கலாம், சோப்பு விற்கவைக்கலாம். அதுதான் எங்கள் பிழைப்பு.

போன ஆண்டு எனக்கு வாய்த்தது ஒரு பழைய காலண்டர் படம். கையில் விளக்கேந்திய சிறுமி. முகத்தில் பாதியைக் கரையான் தின்றிருந்தது. அப்படிப் போன இடத்தை வீட்டு ஆட்களின் புகைப்படத்தை வைத்து ஒட்டுப்போடுவது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். கைபேசியில் என் மகள் பெனினா சிரித்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வயது. கச்சிதமாகப் பொருந்தினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பக்கத்து இருக்கை காளீஸ்வரன் எட்டிப் பார்த்தான்.

"எஸ்தரக்கா, நாம சரிபண்ணுன படமும் களஞ்சியத்துக்குத்தான போகும்? பிள்ள முகம் பொதுவாயிருமே."

"பாதி முகந்தானடா," என்றேன்.

உயிர்ப்பூட்டும் இயந்திரம் நான் ஒட்டிய தெளிவான பாதியைப் பார்த்து, மறுபாதியையும் அவளாகவே வரைந்துகொண்டது. மூன்றே மாதத்தில் என் மகள் ஊரெல்லாம் விளக்கேந்திப் பற்பசை விற்றாள். திரும்பக் கேட்கச் சட்டத்தில் வழியில்லை. மோசடிக்காரர்களுக்கும் அவள் பொதுச்சொத்துதான். பள்ளி விழாப் பதிவிலிருந்து குரலை எடுத்துக்கொண்டார்கள். தினமும் ஒரு பெனினா என்னை அழைத்துக் கைபேசித் திரையில் அழுது, வீட்டுப் பூட்டின் எண்ணைக் கேட்டாள். நான் துண்டிக்கப் பழகிவிட்டேன்.

நேற்று மூன்று மணிக்கும் ஒருத்தி அழுதாள்.

"அம்மா, இது எந்த இடம்னே தெரியலம்மா. ஒரு அண்ணன் போன்ல பேசுறேன். சீக்கிரம் வாங்கம்மா."

வேலை நெருக்கடி. எரிச்சலோடு துண்டித்தேன்.

நாலரைக்குப் பள்ளி வேன் வந்தது. பெனினா இறங்கவில்லை.

"பாப்பா இன்னைக்கு ஏறலையே மேடம்," என்றார் ஓட்டுநர்.

அப்போதுதான் உறைத்தது. மூன்று மணிக்கு அழைத்தவள் பூட்டின் எண்ணைக் கேட்கவே இல்லை. அந்தக் கைபேசிக்குத் திரும்ப அழைத்தேன். அணைத்து வைத்திருந்தார்கள்.

காவல் நிலையத்தில் பெண் காவலர் பெனினாவின் படத்தை ஊர்க் கேமராக்களில் தேடவிட்டார். திரை நிறையச் சிவப்புப் புள்ளிகள் முளைத்தன. பேருந்துகள், கடைவாசல்கள், சுவர்கள்.

"ஒன்பதாயிரம் இடத்துல இருக்காங்கம்மா," என்றார் அவர் மெதுவாக. "இதுல உங்க பிள்ள எது?"

ஒவ்வொரு புள்ளியாகத் திறந்து பார்க்கத் தொடங்கினேன். எல்லாவற்றிலும் அவள் விளக்கேந்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். அழுதவளை எங்கும் காணோம்.