வைங்க... நானே கூப்பிடுதேன்

"ஏம்மா, குரலு நல்லாத்தான இருக்கு? இந்தக் களவாணிச் சோலிக்கு நாலு மாடு மேய்க்கப் போவலாம்லா? கள்ளி!"

டொக்கென்று இணைப்பு அறுந்தது. ரெனிஷாவுக்குக் காது சுட்டது... கண்ணும்தான்.

வண்ணார்பேட்டையில் ஒரு வங்கிக் கிளையின் கார்டுப் பிரிவில் அதிகாரி அவள். மெர்வின் என்ற வாடிக்கையாளரின் கிரெடிட் கார்டில் எவனோ வெளிநாட்டிலிருந்து கைவைக்கப் பார்த்தான். "இது நீங்கள் செய்ததுதானா, சார்?" என்று சுத்தமான அலுவலகத் தமிழில்தான் கேட்டாள். கார்டு நம்பர் கேட்டாளா? ஓடிபி கேட்டாளா? அதற்குள் இப்படி ஒரு பட்டம்!

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் கார்டை முடக்கினாள். ஏசினாலும் அவன் வாடிக்கையாளன்தானே.

வேறு எந்த வசவானாலும் துடைத்துப் போட்டிருப்பாள். இது முடியவில்லை. கூடங்குளத்துப் பக்கம் கடலுக்குப் போகிற அவள் அப்பா ஞானப்பிரகாசத்திடம் 'பேங்க்ல இருந்து பேசுதேன்' என்று ஒருவன் ஓடிபி வாங்கி, புது இன்ஜினுக்கென்று சேர்த்ததை வழித்தெடுத்துவிட்டான். அன்றிலிருந்து அப்பா போன் அடித்தால் எடுப்பதில்லை. கரையில் நாலு பேர் கூடுகிற இடத்துக்கும் போவதில்லை. அந்த மாதிரிக் கள்ளனை மறிக்கத்தான் இந்த வேலைக்கே வந்தாள். அவளையா...

மாலையில் மழை பிடித்துக்கொண்டது. பஸ் ஸ்டாப்பை ஒட்டிய பீர் மைதீன் பாயின் டீக்கடைக்குள் ஒதுங்கினாள். பாய் காதில் போனை இடுக்கிக்கொண்டு, கையில் புத்தம்புது கார்டைப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தார்.

"நாலு... அஞ்சு... ஏழு..."

"சொல்லாதீங்க பாய்!"

இரண்டு குரல்கள் சேர்ந்து ஒலித்தன. ஒன்று அவளுடையது. இன்னொன்று, எதிர் பெஞ்சில் தலை நனைந்து உட்கார்ந்திருந்த இளைஞனுடையது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மழைத்துளி சொட்டும் இமைகளுக்குள்ளே சிரிக்கிற கண்கள் அவனுக்கு... ரெனிஷா பார்வையைச் சட்டென்று டீ கிளாஸுக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஸலாம் சொல்லித்தான தம்பி ஆரம்பிச்சான்? மேலப்பாளையத்துப் புள்ளன்னான். நம்ம புள்ளைய எப்படிச் சந்தேகப்பட?" என்று பாய் விழித்தார்.

இளைஞன் போனை வாங்கினான். "ஏலே, இந்தக் களவாணிச் சோலிக்கு நாலு மாடு மேய்க்கப் போவலாம்லா?"

அதே மாடு! அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மிஸ்டர் மெர்வின்... மத்தியானமும் இதே மாட்டைத்தான் என் பக்கம் பத்திவிட்டீங்க. அந்தக் கள்ளி நாந்தான்."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. "ஐயோ மேடம்... போனை வச்சதும் கார்டுக்குப் பின்னால உள்ள நம்பருக்கு நானே கூப்பிட்டேன். எல்லாம் நெசம்னு அப்பந்தான் தெரிஞ்சிது. கூப்பிட்டது யாருன்னு கேட்டா பேரு தரமாட்டேன்னுட்டாவ. நீங்க அச்சடிச்ச மாதிரிப் பேசினீங்களா... நம்ம ஊரு ஆளு இப்படியா பேசும்னு..."

"பாய் நம்ம ஊர்ப் பேச்சை நம்பினாரு. நீங்க வெளியூர்ப் பேச்சுன்னு ஏசினீங்க. பேச்சுலயா சார் ஆள் தெரியும்? யாரு கூப்பிட்டாலும் வச்சிட்டு, நீங்களாத் திரும்பக் கூப்பிட்டது சரி. ஏசினது சரியில்ல."

"மன்னிச்சிருங்க."

"அதெல்லாம் லேசுல ஆவாது." விறைப்பாகச் சொல்லிவிட்டு மழையோடு பஸ் ஏறினாள். ஜன்னலோரத்தில் உட்கார்ந்தபின்தான் மனசு குறுக்கே பேசியது. அன்றைக்கு அப்பா இவனைப்போல ஏசிவிட்டுப் போனை வைத்திருந்தால்... ஆனாலும் மன்னிக்க வீம்பு விடவில்லை.

அடுத்த வாரம் தச்சநல்லூர் பள்ளி ஒன்றில் பெற்றோருக்குக் கார்டு மோசடி பற்றிப் பேச மேனேஜர் அவளை அனுப்பினார். அப்பாவையும் வம்படியாக இழுத்துப் போனாள். மேடையில் மைக்கோடு நின்ற கணக்கு வாத்தியார்... மெர்வின்! கூட்டத்தை நடத்தும் வாத்தியாருடையது என்று மேனேஜர் கொடுத்திருந்த நம்பரை, அது இவனுடையது என்று தெரியாமலே சேமித்து வைத்திருந்தாள்.

"இவங்க என் கார்டைக் காப்பாத்தக் கூப்பிட்டாங்க. நான் கள்ளின்னு ஏசினேன். ஏச்சு வாங்கிட்டும் காப்பாத்தினாங்க. எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேக்கேன்."

ரெனிஷா மைக்கை வாங்கினாள். அன்றைக்கு அவள் ஊர்த் தமிழிலேயே பேசினாள். 'கார்டுல பாயின்ட் சேந்திருக்கு, லிங்க்கை அமுக்குங்க'ன்னு வாற மெசேஜைத் தொடாதீங்க... ஓடிபியைப் பெத்த மவன் கேட்டாலும் குடுக்காதீங்க... அவசரப்படுத்துதான்னா அவன் கள்ளன்தான்...

பேசி முடித்ததும் கடைசி வரிசையில் ஒருவர் எழுந்தார். அப்பா!

"நான் கடல்காரன். எங்கிட்ட ஓடிபி வாங்கி ஏமாத்திட்டானுவ. வெளிய சொல்ல வெக்கப்பட்டு வீட்டுக்குள்ளயே கெடந்தேன். இனிமே வெக்கமில்ல. ஏன்னா..." குரல் உடைந்தது. "அங்கன நிக்கது எம் மவ."

அரங்கமே கைதட்டியது. அப்பாவின் முதுகு நிமிர்ந்திருந்ததை அவள் கண் நிறையப் பார்த்தாள். கைதட்டிய மெர்வினின் கண்களும் நனைந்திருந்தன... இன்றைக்கு மழையில்லை. அவளுடைய வீம்பு எங்கே போனதென்றே தெரியவில்லை.

மறுநாள் மாலை போன் அடித்தது. "ரெனிஷா... மெர்வின் பேசுதேன். ரொம்ப முக்கியமான விஷயம். இப்பமே பதில் சொல்லணும். எனக்கு உங்களை..."

"அவசரப்படுத்துதீங்க. போனை வைங்க!"

வைத்தாள். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. சேமித்து வைத்திருந்த நம்பரைத் தேடி, அவளே அழைத்தாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

"ஆளு நெசந்தான். இப்பம் பையச் சொல்லுங்க..." அவள் கன்னம் சிவந்தது. "எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு. அதான் நானாத் திரும்பக் கூப்பிட்டேன்."