மாப்பிள்ளை குளித்த தண்ணீர்

கற்பூரம் அடித்துச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யில்லை. நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

செவ்வாயில் வீட்டுக்கு ஒரு நீர்க்காவலன் உண்டு. குளியலறை வாசலில் நின்று சொம்பு எண்ணும் எந்திரன். அன்றைய பங்கு தீர்ந்தால் குழாயைப் பூட்டிவிடுவான். தலையில் நுரை இருக்கிறதே என்று பார்க்கமாட்டான். பாறைப் பனியை உருக்கி வரும் தண்ணீர், கொஞ்சம் சுண்ணாம்பு கலந்தது. பருப்பு வேகும், சாவகாசமாக. சோப்பு நுரைக்கும், மனமில்லாமல்.

மகள் உலகம்மையின் கல்யாணம் நெருங்கியதும், திருநெல்வேலி வழிவந்த ஆவுடையப்பனுக்குக் கவலை பிடித்துக்கொண்டது.

“குழாயெல்லாம் வெள்ளவெள்ளயா படிஞ்சு கெடக்கு. தாமிரபரணி வம்சம்னு சொல்லிக்கிட்டு இதுலயா குளிக்கோம்னு சம்பந்தி கேக்க மாட்டாரா?”

“நாம இத்தன நாளா இதுலதான குளிக்கோம்?” என்றாள் மனைவி கோமதி.

“நம்மள யாரு கேட்டா!”

மென்னீராக்கி வாங்கி மாட்டினார். சுண்ணாம்பை ஒரு துகள் விடாமல் உறிஞ்சும் பெட்டி.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை செவ்வேள் குளிக்கப் போனார். போனவர் போனவர்தான். அந்த முகூர்த்தத்தை விட்டால் அடுத்தது, பூமி மறுபடி பக்கத்தில் வரும்போதுதான். மணமேடையில் உலகம்மை தனியாக உட்கார்ந்திருந்தாள்.

“மாப்ள, நேரமாவுது!” என்று ஆவுடையப்பன் கதவைத் தட்டினார்.

“சோப்பு போவவே மாட்டேங்கு மாமா! எவ்வளவு ஊத்துனாலும் வழவழங்கு!”

“சோப்பு முதல் சொம்பிலேயே போய்விட்டது. மென்னீரில் தோல் இப்படித்தான் வழுக்கும்” என்றான் நீர்க்காவலன்.

“தகர மண்டைக்குக் குளிக்கத் தெரியுமாக்கும்!” என்று மாப்பிள்ளை இன்னொரு சொம்பு ஊற்றினார்.

கல்யாண வீட்டின் மொத்தப் பங்கும் தீர்ந்தது. குழாய் பூட்டிக்கொண்டது. வேறு வழியில்லாமல் மாப்பிள்ளை வெளியே வந்தார். கடைசி நொடியில் தாலி ஏறியது. சோறாக்கவும் சாம்பார் வைக்கவும்தான் தண்ணீரில்லை. சம்பந்திகள் வெறும் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த வீட்டுத் தண்ணீர் வழுக்கும் என்ற பேச்சு செவ்வாய் முழுக்கப் பரவிவிட்டது. ஆவுடையப்பன் மென்னீராக்கியைக் கழற்றவில்லை; கழற்றினால் மாட்டியது தப்பென்று ஆகிவிடுமே. அதன் பின்னால் ஒரு வன்னீராக்கியைச் சேர்த்து மாட்டினார். முதல் பெட்டி எடுக்கிற சுண்ணாம்பை இரண்டாம் பெட்டி அளந்து திரும்பப் போடும். நீர்க்காவலன் சோதித்துப் பார்த்துவிட்டு, பழைய குழாய்த் தண்ணீரேதான் என்றான்.

ஆவுடையப்பன் ஒரு மடக்கு குடித்தார். “என்ன இருந்தாலும் மெஷின் தண்ணி ருசியே தனி.”

சீக்கிரமே வீட்டுக்கு வீடு இரண்டு பெட்டிகள் ஏறின.

கற்பூரம் அடித்த கையோடு இதையும் சொல்லிவிடுகிறேன்: செவ்வாயில் இன்றுவரை ஒரு குழாய்கூடப் போடப்படவில்லை.