கல்யாணத் தேதியில் ஒரு கடவுச்சொல்

காலையில் சோபாவைப் பார்த்து வைத்துவிட்டுப் போன கேமரா, மதியம் தினேஸ்வரி கைப்பேசியில் திறந்தபோது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வெறும் சுவர். அதில் மின்விசிறியின் நிழல் சுற்றிக்கொண்டிருந்தது. அவர்கள் குடியிருந்த சிலிபினில் மழை கட்டியிருந்ததால் வீட்டுக்குள் பகலிலேயே ஒரு மங்கல், அடுப்படிக் குழாய் சொட்டும் ஓசை, அதற்கும் அடியில் மூச்சை அடக்கிக்கொண்டு யாரோ பேசுவதுபோல் ஒரு முணுமுணுப்பு. பிறகு அவள் கணவன் ரூபனின் குரல்.

"ஏய், போதும்லா. என் பொண்டாட்டி வந்துருவா."

அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. பிரமிளா! இரண்டு வீடு தள்ளி இருக்கும் அந்தச் சிரிப்புக்காரி. போன தீபாவளிக்கு அக்கம்பக்கத்தாரையெல்லாம் அழைத்து வைத்த திறந்த இல்ல விருந்தில் ரூபன் ஆட்டுக்கறி பரிமாறியபோது, "போதும் அண்ணே" என்று அவன் கையைப் பிடித்தாளே, அதற்கு மறுவாரமே தினேஸ்வரி கேமராவை வாங்கி மாட்டினாள். திருடனுக்கு என்று ரூபனிடம் சொன்னாள். இரவு வேலை முடித்து அவன் பகலில் தனியாகத் தூங்கும் வீட்டை, தான் வேலை செய்யும் கிளினிக் முகப்பில் உட்கார்ந்தபடி தினமும் பார்த்தாள்.

வைஃபை, வாசலிலும் பின்கதவிலும் போட்ட மின்பூட்டுகள், கேமரா எல்லாவற்றுக்கும் ஒரே கடவுச்சொல், அவர்கள் கல்யாணத் தேதி. விருந்துக்கு வந்த பிள்ளைகள் வைஃபை கேட்டு நச்சரிப்பார்கள் என்று அவளே அதைப் பெரிதாக எழுதி முறுக்கு டின்களுக்கு மேல் ஒட்டியிருந்தாள். யார் யாரோ வந்தார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். "அத மாத்திருங்கக்கா" என்று பூட்டுப் போட்ட தனேஷ் பிறகு சொல்லிப் பார்த்தான். அவளுக்கு மனம் வரவில்லை. அந்தத் தேதியை அழித்தால் பிரமிளாவுக்கு விட்டுக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

அரை நாள் லீவு போட்டுவிட்டு மழையில் நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தாள். ரூபன் கைலியோடு சோபாவில் உட்கார்ந்திருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. அவள் படுக்கையறையைப் பார்த்தாள், குளியலறையைப் பார்த்தாள். அடுப்படிக்குப் போனால், பின்கதவு விரியத் திறந்து கிடந்தது. ஓடிவிட்டாள்!

"எங்க அவ?"

"எவ? தினேசு, அந்தக் கேமராக்குள்ள ஒரு ஆம்பள பேசுறான். மொதல்ல ஏதோ கூட்டாளி வெளாடுறான்னு நெனச்சேன்லா. உன் பேரச் சொல்றான். என்னைய வீட்ட விட்டுப் போகச் சொல்றான். பயந்து நான்தான் செவுத்துப் பக்கம் திருப்பி வெச்சேன்."

"நல்லா கதை கட்டுறீங்க! பின்கதவு ஏன் தொறந்து கெடக்கு?"

"நான் தொறக்கலயே."

அந்தப் பதில்தான் அவளை வெறி கொள்ள வைத்தது. "போங்க! அவகிட்டயே போய் இருங்க!" என்று அவனை வாசலுக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். பூட்டு தானாக விழுந்தது.

கேமராவைச் சோபா பக்கம் திருப்பினாள். இனி ஒரு நொடியும் விடப்போவதில்லை. அதன் எதிரே உட்கார்ந்து அழுதாள்.

"போயிட்டானா?"

ஆண் குரல். கேமராவிலிருந்து. அதுவும் அழுதிருந்தது.

"அவனுக்குப் போயி இவ்ளோ அழுறியே, தினேசு. எனக்கு எரியுது."

வெளியே ரூபன், தினமும் கதவைத் திறக்கும் அதே விரலைப் பூட்டில் வைத்தான். அது கீச்சிட்டு மறுத்தது. மறுபடியும். மறுத்தது.

"தினேசு! கதவத் தொற!"

வாசலுக்குப் போகக் கேமராவைத் தாண்ட வேண்டும். கைப்பேசியில் பூட்டைத் திறக்கப் பார்த்தாள். திரையில் புதிதாக இன்னொரு கேமரா சேர்ந்திருந்தது. அவள் மாட்டியது ஒன்றுதான். அது எதிரே இருந்தது.

தொட்டாள்.

சோபா. அவள் முதுகு. ஈரக் கூந்தல்.

படம் லேசாக ஆடியது. கிட்டே வந்தது. இன்னும் கிட்டே.

ரூபன் கதவை உதைத்துக்கொண்டிருந்தான்.

திரையில் ஒரு கை நீண்டது. கூந்தலை மெல்ல ஒதுக்கியது. அவள் பின்கழுத்தில் தாலிக்கொடியின் கொக்கியைத் தேடியது.