பதினோரு மணிக் கேள்வி

வல்லம் வடகாலில் காவேரி நடத்தும் மெஸ்ஸுக்கு ஒரு வலைப்பக்கம் உண்டு. செய்தவள் மூத்த மகள் சத்யப்பிரியா. தொழிற்சாலை வேலைக்குப் போகிறவர்கள் விடிகாலை கம்பெனிப் பேருந்தில் போகும்போதே போனில் சாப்பாடு சொல்லிவிடலாம். மதியம் ஷிப்ட் முடிந்து வந்தால் பொட்டலம் தயாராக இருக்கும்.

இருக்க வேண்டும். ஆனால் நான்கு நாட்களாகப் பன்னிரண்டு பேருக்கு இல்லை.

"சொன்னவங்களுக்கே சோறு இல்லன்னா நான் இன்னாத்துக்கு மெஸ் நடத்துறேன்? இன்னிக்குள்ள சரி பண்ணு. இல்லாட்டி உன் பக்கத்த மூடிட்டு பழையபடி சிலேட்டுதான்" என்று சொல்லிவிட்டு அம்மா வெங்காயம் அரியப் போனாள்.

சத்யப்பிரியாவின் முகம் சுண்டிப்போனது. அவள் தனியாகச் செய்த முதல் பக்கம் அது.

தங்கை இசைவாணி ஏழாவது படிக்கிறாள். அரையாண்டு விடுமுறை. அக்காவின் குறிப்பேட்டை எட்டிப் பார்த்தாள். இடப்பக்கம் பிழை, வலப்பக்கம் தீர்வு. இந்தப் பிழைக்கு மட்டும் எட்டுத் தீர்வுகள் எழுதி, எட்டையும் அடித்திருந்தாள் அக்கா. செயற்கை நுண்ணறிவையும் விடவில்லை. அது மகா பணிவாகப் பதினான்கு காரணங்கள் சொல்லியிருந்தது. ஒன்றும் தேறவில்லை.

ஆர்டர் எப்படிக்கா காணாமல் போகும் என்று துளைத்தாள் இசைவாணி.

அக்கா விளக்கினாள். சிலர் சொல்லிவிட்டு வராததால் சாப்பாடு வீணானது. அதனால் நான்கு நாட்களாகப் பதினோரு மணிக்கு எல்லோருக்கும் 'வருகிறீர்களா?' என்று கேள்வி போகும். பத்து நிமிடத்துக்குள் 'வரேன்' என்று அழுத்தாவிட்டால் ஆர்டர் ரத்து. அக்காவின் போனில் சோதித்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

இசைவாணி ரத்தான பெயர்களைப் படித்தாள். பொட்டலம் எடுத்துக் கொடுப்பவள் அவள்தான். கம்பெனிக்கு ஒரு நிறச் சீருடை; யாருக்கு என்ன நிறச் சட்டை என்பது அவளுக்கு அத்துபடி.

"பன்னெண்டு பேரும் நீலச் சட்டைக்கா. யார் எந்தக் கம்பெனின்னு உன் பக்கத்துக்குத் தெரியுமா?"

"தெரியாதே. நான் கேக்கவே இல்லியே."

அப்படியானால் ஓரவஞ்சனை செய்வது கம்ப்யூட்டர் இல்லை. வேறு யார்?

மூன்று மணிக்கு நீலச் சட்டைகள் வந்தன. முதலில் வந்த ரஞ்சனிக்கு அன்றும் பொட்டலம் இல்லை. அவள் திட்டவில்லை, குடிக்கத் தண்ணீர் மட்டும் கேட்டாள். இசைவாணிக்கு என்னவோபோல் ஆனது. தனக்கு எடுத்து வைத்திருந்த எலுமிச்சைச் சாதத்தை அவள்முன் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பதினோரு மணிக்கு போனைப் பார்த்தீர்களா என்று மெல்லக் கேட்டாள்.

ரஞ்சனி வாய் நிறையச் சோற்றோடு சிரித்தாள். "போனா? கேமரா உள்ள போவக் கூடாதுன்னு கம்பெனி கேட்டுலயே வாங்கி லாக்கர்ல பூட்டிடுவாங்க பாப்பா. ரெண்டரைக்குத்தான் திருப்பித் தருவாங்க."

நாளெல்லாம் போனைக் கையில் வைத்திருக்கும் சத்யப்பிரியாவுக்கு இது தோன்றவே இல்லை. கேள்வியையே எடுத்துவிடுகிறேன் என்றாள். மறுபடி வீணாகுமே என்றாள் அம்மா.

"கேட்டுலேர்ந்து இங்க வர எவ்ளோ நேரமாவும்க்கா?" என்று ரஞ்சனியைக் கேட்டாள் இசைவாணி.

"பஸ்ல இருபது நிமிஷம்."

"அம்மா, பொட்டலம் கட்ட?"

"பத்து நிமிஷம்."

"அப்போ இவங்களுக்கு ரெண்டரைக்குக் கேட்டா போதுமே. வராதவங்க சோத்த கட்டாம வெச்சா, உக்காந்து சாப்புட வர்றவங்களுக்குப் போட்டுடலாம்."

அம்மா இளையவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "செய்" என்றாள் மூத்தவளிடம்.

மறுநாள் இரண்டரை அடித்ததும் 'வரேன், வரேன்' என்று பன்னிரண்டு பதில்கள் வந்து விழுந்தன. அம்மா மளமளவென்று கட்டினாள்.

ரஞ்சனி பொட்டலத்தை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றி மாற்றிப் பிடித்தாள். "இன்னாக்கா, இப்பிடிக் கொதிக்குது?"

"பாரேன், அதுக்கும் புகார்" என்றாள் அம்மா. ஆனால் அன்று முழுக்க அவள் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கவில்லை.