அந்தப் பாத்திகள் மட்டும் பச்சை

"யாரைக் கேட்டு இங்க கொட்டுனீங்க?"

ஷேர் ஆட்டோவிலிருந்து குதித்த வேல்விழி குடையைக்கூட விரிக்கவில்லை. நேராகப் போய் அந்தக் குட்டியானை வண்டியின் முன்னால் நின்றாள். வண்டியின் பின்கதவு திறந்து கிடந்தது. தோட்டத்து வாசலில், மேட்டுப் பக்கமாக, இடுப்பளவுக்கு மாட்டு எரு. ஐப்பசி மழை அதன் தலையில் பெய்துகொண்டிருந்தது.

வண்டிமேல் மண்வெட்டியோடு நின்றவன் திரும்பினான். முழங்கை வரைக்கும் எரு. நெற்றியில் மட்டும் வெள்ளையாக ஒரு கோடு, பீங்கான் மாவு... மழையில் கரைந்து புருவத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் புருவத்துக்குக் கீழே, சிரிக்கலாமா வேண்டாமா என்று கேட்கிற மாதிரி இரண்டு கண்கள். வேல்விழியின் கோபம் ஒரு கணம் தடுமாறியது. ஒரு கணம்தான்.

"யாரையும் கேக்கலங்க. சும்மாதான்..."

"சும்மாவா?"

"எங்க வூட்டு மாட்டு எருதாங்க. சேத்தியாத்தோப்புலேருந்து ஏத்தியாந்தேன். நல்லா மக்குனது. காசு கீசு எதுவும் வேணாம்."

"அள்ளிட்டுப் போங்க."

"எதங்க?"

"அத்தனையும்."

அந்தப் பக்கத்தில் இலவசமாக வந்த எருவை வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள் வேல்விழியாகத்தான் இருப்பாள். அவன் முகம் சுண்டிப்போனது. தோட்டத்துப் பெண்கள் வேறு களைக்கொட்டோடு வந்து சுற்றி நின்றுகொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

அவள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். செராமிக் தொழிற்பேட்டைக்குப் பின்னால் கிடந்த தரிசில், பட்டறைகளில் அச்சு வார்க்கிற பெண்கள் சேர்ந்து போட்ட தோட்டம் அது. கீரை, அவரை, முருங்கை, வேர்க்கடலை. பணம் கடல் தாண்டி வருகிறது. ஏழை ஊர்களில் செடி வைத்துச் சாப்பாடு விளைவிக்க உதவும் அறக்கட்டளை ஒன்று, இந்த ஊர்த் தொண்டு நிறுவனம் வழியாகத் தருகிறது. வேல்விழி அதன் களப்பணியாளர். அறக்கட்டளைக்காரர்கள் பாலைக்கூடத் தொடாதவர்கள். ஆடு, கோழி வாங்கித் தர மாட்டார்கள். சாணி, மீன் கரைசல் எதுவும் தோட்டத்துக்குள் வரக் கூடாது. இலைதழை மக்கு, மடக்கி உழுத சணப்பு, கடலைப் புண்ணாக்கு... அவ்வளவுதான் உரம். அவர்கள் மனசு வைத்தால் அடுத்த வருஷம் ஆழ்துளைக் கிணறு. இல்லையென்றால் சித்திரை வெயிலில் தோட்டம் கருகிப்போகும்.

இதையெல்லாம் மழையில் நின்றபடியே அவனுக்குச் சொன்னாள்.

"சாணி போடறதுல மாட்டுக்கு என்னங்க கஷ்டம்?"

"மாட்ட வச்சு ஆதாயம் பாக்குறதே வேணாங்குறாங்க. அது அவங்க கொள்கை. ஒத்துக்கிட்டுதான் ஆரம்பிச்சோம்."

"சாணி வேணாங்குற வெள்ளாமைய இப்பதாங்க பாக்குறேன்."

"பாத்துட்டீங்கல்ல? அள்ளுங்க."

அள்ளினான். மழை விடும்வரைக்கும் அள்ளினான். அவள் குடையை விரித்துக்கொண்டு காவல் நின்றாள். அவன் நனைவதைப் பார்க்க என்னவோ போல இருந்தது. அதற்காகக் குடைக்குள் கூப்பிட முடியுமா என்ன... போகும்போது ஒரே ஒரு தடவை அவளைப் பார்த்தான். இந்தத் தடவை அந்தக் கண்களில் சிரிப்பு இல்லை.

அவன் போன பிறகுதான் கவனித்தாள். கரைந்த எருத் தண்ணீர் கறுப்பாக ஓடிப் பள்ளத்துப் பாத்திகளில் இறங்கியிருந்தது. அதை எந்த மண்வெட்டியால் அள்ளுவது?

"அவரு யாருன்னு தெரியுமாம்மா?" என்று கேட்டாள் திரௌபதி. தோட்டத்துப் பெண்களில் வாய் அடங்காதவள் அவள்தான். "எங்க மொதலாளி. பாரி. வேலிக்கு அந்தாண்ட அகல் வெளக்குப் பட்டறை இருக்குது பாரு, அதான். யாரு வம்புதும்புக்கும் போவாத மனுசன். அவரப் போயி இந்தத் திட்டு திட்டிட்டியே."

மறுநாளே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்டிருக்க வேண்டும். ஆனால் அவன் பைக்கில் எதிரே வரும்போதெல்லாம் ரோட்டைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. அவருக்கே அவ்வளவு ரோஷம் இருந்தால் எனக்கு இருக்காதா என்று இவளும் தலையைத் திருப்பிக்கொண்டாள். திருப்பிய தலை அவன் தாண்டிப் போனதும் தானாகத் திரும்பிப் பார்த்தது. இந்தக் கூத்து கார்த்திகை பிறந்தும் ஓயவில்லை.

"கார்த்திகைக்கு அகல் வேல தலைக்கு மேல கெடக்குது. அந்த மனுசன் சூளைய பாக்காம வேலியையே பாத்துக்கிட்டு நிக்குறாரு," என்றாள் திரௌபதி, ஒன்றும் தெரியாதவள் மாதிரி.

அதற்குள் இன்னொரு தலைவலி. மற்ற பாத்திகளில் செடி மஞ்சளோடித் தவித்துக்கொண்டிருக்க, பள்ளத்துப் பாத்திகள் மட்டும் கருகருவென்று பச்சை கட்டிக்கொண்டு நின்றன. ஒளித்து வைக்க முடியாத பச்சை... அறக்கட்டளையிலிருந்து ஹெலன் அம்மா பார்க்க வருவதாக அந்த வாரமே தகவல் வந்தது.

ஹெலன் வெயில் நாளில் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினார். அவரைப் பிஞ்சைப் பறித்து அப்படியே கடித்தார். பெண்கள் முருங்கைக்கீரை அடையும் சுக்குக்காப்பியும் வைத்திருந்தார்கள். காப்பிக்குக் குவளை வேண்டும் என்று திரௌபதி யாரிடம் சொல்லியிருப்பாள் என்று கேட்கவே வேண்டாம். பாரி அட்டைப்பெட்டியோடு வந்து இறக்கிவைத்துவிட்டு, போகாமல் வேலி ஓரமாக நின்றான். வேல்விழி பார்க்காத மாதிரி பார்த்தாள். இன்றைக்குப் பீங்கான் மாவு காதோரத்தில் இருந்தது.

ஹெலன் பள்ளத்துப் பாத்திகளுக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"அழகாக வந்திருக்கிறதே. இங்கே என்ன போட்டீர்கள்? எல்லாப் பாத்திக்கும் இதையே செய்யலாமே?"

அவர் கேட்டது ஆங்கிலத்தில். கை நீட்டிய இடம் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இலைமக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கிணறு வரும். திரௌபதியின் பிள்ளைகள் சித்திரையிலும் கீரை சாப்பிடுவார்கள். யார் வந்து மண்ணைச் சோதிக்கப் போகிறார்கள்... வேல்விழிக்கு நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் எங்கோ ஒரு குளிர் ஊரில், தான் நம்புகிற ஒன்றுக்காகத் தன் சம்பளத்தில் எடுத்துவைக்கும் யாரோ ஒருவரை ஏமாற்ற மனசு வரவில்லை.

"மாட்டு எரு," என்றாள் ஆங்கிலத்தில். "மழையில் கரைந்து இறங்கிவிட்டது. தடுத்திருக்க வேண்டியவள் நான். பொறுப்பு என்னுடையது."

ஹெலனின் முகம் மாறியது. வேலிப் பக்கம் ஏதோ சரசரத்தது. பாரிக்கு அவ்வளவு ஆங்கிலம் வராது. மாடு என்று சொன்னதும், அவள் நெஞ்சில் கைவைத்ததும் அவனுக்குப் போதுமாக இருந்தது. வேலியைத் தாண்டி வந்து நின்றான்.

"ஏங்க, இத ஏன் ஒங்க தலையில போட்டுக்குறீங்க? கொட்டுனது நான்தான்னு சொல்லுங்க. இவங்க மழையில நின்னு திட்டுனாங்க, நான் திரும்ப அள்ளுனேன், அதையும் சொல்லுங்க."

சொன்னாள். ஹெலன் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் பார்த்தார்.

"இந்தப் பாத்திகளை எங்கள் தோட்டமாக நான் காட்ட முடியாது," என்றார். "மற்றதெல்லாம் சொன்னபடி நடக்கிறது. செடி மஞ்சளாக இருந்தாலும் என்னிடம் மறைக்கவில்லை. கிணற்றுக்கு நான் பரிந்து பேசுகிறேன்."

வேல்விழி அதைத் தமிழில் சொன்னதும் திரௌபதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வேல்விழிக்கும் கண் கலங்கியது.

"ஒன்று மட்டும் இவரைக் கேளுங்கள்," என்றார் ஹெலன். "யாரும் கேட்காமல் ஏன் கொண்டுவந்தார்?"

வேல்விழி கேட்டாள். பாரி அவளைப் பார்க்காமல், நேராக ஹெலனைப் பார்த்துப் பேசினான்.

"தெனம் சாயங்காலம் அகல் காயப்போடறப்ப பாப்பேங்க. இவங்க ஒவ்வொரு செடியா குனிஞ்சு பாப்பாங்க. நிமிரும்போது மொகம் வாடிப்போயிருக்கும். அத பாத்துட்டு வூட்டுக்குப் போனா எனக்குச் சோறு எறங்கல. செடி தேறுனா இவங்க சிரிப்பாங்கன்னு நெனச்சேன். இவங்கள எனக்கு ரொம்பப் புடிச்சிருக்குது... கட்டிக்கணும்னு ஆசையா இருக்குது. அதையும் சேத்துச் சொல்லச் சொல்லுங்க."

வேல்விழிக்குக் காது மடல் வரைக்கும் சூடு ஏறியது. எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

"செடி நன்றாக வளரட்டும் என்றுதான் கொண்டுவந்தாராம்," என்றாள்.

"அவ்வளவுதானா? நிறைய நேரம் பேசினாரே?"

"கொறச்சுட்டாங்க போலிருக்குது," என்றான் பாரி, திரௌபதியிடம்.

கிணறே போனாலும் போகட்டும் என்று எருவைப் பற்றி உண்மை சொன்னவளுக்கு, இதை மட்டும் மறைக்க என்ன நியாயம் இருக்கிறது? வேல்விழி மூச்சை இழுத்துக்கொண்டாள். சாயங்காலம், அகல், வாடிய முகம், இறங்காத சோறு... ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவருக்கு என்னைப் பிடித்திருக்கிறதாம், என்னைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசையாம் என்று தன் வாயாலேயே சொல்லி முடித்தாள்.

ஹெலன் காப்பிக் குவளையைக் கீழே வைத்தார். "நீங்கள் என்ன சொல்லப்போகிறீர்கள்?"

"அதை அவரிடம் தமிழில் சொல்லிக்கொள்கிறேன்."

திரும்பினாள். அந்தக் கண்கள் மறுபடியும் கேட்டுக்கொண்டிருந்தன, சிரிக்கலாமா வேண்டாமா என்று.

"அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சுக்குங்க," என்றாள். "எனக்கும் ஒங்கள புடிச்சிருக்குது. ஞாயித்துக்கெழம எங்க ஊருக்கு வாங்க, நம்ம பக்கத்து மங்களூருதான். அறிவழகன் வூடுன்னு கேட்டா யாருன்னாலும் காட்டுவாங்க. எங்கப்பாகிட்ட பேசணும்."

"கண்டிப்பா வரேங்க."

"பஸ்ஸுல வாங்க. அந்த வண்டியில எதையும் ஏத்திக்கிட்டு வந்துடாதீங்க."